ஒருங்கிணைப்பு அலுவலகத்தை எங்கே வைப்பது?

தேசிய அளவில் சுகாதாரத் தகவல் அமைப்பு ஒன்றைக் கட்டப்போகிறோம் என்று முடிவானதும், கூட்டங்களில் முதலில் கிளம்பும் சண்டை மென்பொருளைப் பற்றியதாகத்தான் இருக்கும். இலவச மென்பொருளா, விலைக்கு வாங்குவதா? சர்வரை நாமே வைத்துக்கொள்வதா, கிளவுடில் ஏற்றுவதா? எல்லா மருத்துவமனைக்கும் ஒன்றேவா, ஆளுக்கொன்றா? ஆறு மாதம் இதிலேயே ஓடிவிடும். இந்த வேலையில் ஒருங்கிணைப்பாளராகவும், அதற்கு முன்பு ஒருங்கிணைப்பாளருக்கு எடுபிடியாகவும் சில ஆண்டுகள் இருந்தவன் நான். முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று என்பது என் எண்ணம். இதையெல்லாம் ஒருங்கிணைக்கப்போகும் அந்த ஏழெட்டுப் பேருக்கு நாற்காலி எந்தக் கட்டடத்தில், யாருக்குக் கீழே?

இது நிர்வாகச் சில்லறை விஷயம் போலத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, நாற்காலி போடும் இடம்தான் பிற்பாடு வரும் மென்பொருளையும் தேர்ந்தெடுக்கிறது. புள்ளிவிவரப் பிரிவில் உட்கார்ந்தால் மாதாந்திர அறிக்கை அமைப்பு வரும். தனி முகமையில் உட்கார்ந்தால் நாடு தழுவிய நோயாளிப் பதிவேடு வரும். வெளி நிதியில் ஓடும் திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்தால் நோய்க்கொரு செயலி வரும். கொள்கை ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் நடப்பது இதுதான்.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன: அமைச்சகத்துக்குள்ளேயே ஒரு பிரிவு, தனி முகமை, வெளி நிதித் திட்ட அலுவலகம். கடைசியிலிருந்து தொடங்குகிறேன். பணம் குறைவான நாடுகளில் பெரும்பாலும் கதை தொடங்குவது அங்கேதான்.

வேகம் உண்டு, கையெழுத்து இல்லை

திட்ட அலுவலகத்தின் பலம் வேகம். நிதி வந்த மூன்றாம் மாதத்தில் ஆள் எடுத்திருப்பார்கள், ஆறாம் மாதம் இரண்டு மாவட்டங்களில் பைலட் எனும் சோதனை முயற்சி ஓடும். சந்தைச் சம்பளம் தருவதால் நல்ல டேட்டாபேஸ் ஆட்களும் கிடைப்பார்கள். அந்நேரம் அமைச்சகத்தில் பிரிண்டர் வாங்கும் கோப்பு இரண்டாவது மேசையைத் தாண்டியிருக்காது.

நான் முதலில் இருந்தது இப்படியோர் அலுவலகத்தில்தான். புதிதாக வரும் எந்த மென்பொருளும் மருத்துவ நிலையங்களுக்கான பொதுக் குறியீட்டு எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கடிதம் தயாரித்தோம். இரண்டு பக்கம், தெளிவான நடை, பின்னிணைப்பாக எண்களின் பட்டியல். திட்டத்தின் இலச்சினை போட்ட தாளில் அடித்து எல்லா நோய்த் தடுப்புப் பிரிவுகளுக்கும் அனுப்பினோம். கிணற்றில் போட்ட கல்தான். இரண்டு மாதம் கழித்து, அமைச்சகத்தின் திட்டமிடல் இயக்குநர் அதே வாசகத்தைத் தன் தாளில் எடுத்து, மேலே கோப்பு எண் போட்டு, பின்னிணைப்பைச் சேர்க்கக்கூட மறந்து அனுப்பினார். அந்த வாரத்திலேயே ஐந்து பதில்கள் வந்தன. அதில் இரண்டு, எங்களைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்று கோபமானவை. கோபப்படுகிறார்கள் என்றால் கடிதத்தைப் படித்திருக்கிறார்கள். எங்கள் கடிதத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

கையெழுத்து இல்லாத இடத்தில் யாருக்கும் மறுக்கும் அதிகாரம் இருக்காது. மறுக்க ஆளில்லாவிட்டால் பைலட்டுகள் முளைத்துக்கொண்டே போகும். உகாண்டாவில் இது எல்லை மீறிப் போய், 2012 ஜனவரியில், அமைச்சகத்தின் ஒப்புதல் இல்லாமல் இனிப் புதிய மின்-சுகாதார முயற்சி எதுவும் கூடாது என்று தடையாணை போட வேண்டிவந்தது. கைப்பேசியை வைத்து ஆளுக்கொரு மாவட்டத்தில் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் தரவு மற்றொன்றுக்குப் போகாது, பலவற்றின் முடிவும் அமைச்சகத்துக்கு வராது. அந்தத் தடையைப் பிற்போக்கு என்று சொன்னவர்கள் உண்டு. ஒருங்கிணைப்பு அங்கே தொடங்கியதே அந்த ஆணையில்தான் என்பேன்.

இதன் விளைவு கடைசியில் வந்து விழுவது ஒரு செவிலியரின் மேசை மீது. தடுப்பூசி போட்டதும் குழந்தையின் அட்டையில் ஒரு பதிவு, நிலையத்தின் பெரிய பதிவேட்டில் ஒரு வரி, எண்ணிக்கைத் தாளில் ஒரு கோடு. பிறகு டேப்லெட்டில் ஒரு லாகின், வேறொரு நிறுவனம் கொடுத்த இன்னொரு டேப்லெட்டில் இன்னொரு லாகின். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அறிக்கை. நான் பார்த்த ஒருவர் இரண்டாவது டேப்லெட்டை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால், முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு வாரத் தரவை உட்கார்ந்து ஏற்றுவார். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. அந்த டேப்லெட் யாருக்காக ஓடியதோ, அவர்களின் நாற்காலி அவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

நிதி தருபவர்களுக்கும் இது தெரியாமலில்லை. நாட்டின் சொந்தத் திட்டத்தோடு ஒட்டியே முதலீடு செய்வோம் என்ற கொள்கைகளில் 2018இல் பல நிதி அமைப்புகள் கையெழுத்திட்டன. ஆனால் ஒட்டுவதற்கு அந்தப் பக்கம் ஒரு அலுவலகம் இருக்க வேண்டுமே.

அமைச்சகத்துக்குள் என்றால், எந்த மாடியில்?

கையெழுத்தும் கோப்பு எண்ணும் அமைச்சகத்தில்தான் இருக்கின்றன. எனவே அலுவலகத்தை உள்ளேயே வைப்போம் என்பது இயல்பான பதில். என் விருப்பமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அமைச்சகம் ஒரே அறை அல்ல. எந்தப் பிரிவுக்குக் கீழே என்பதில்தான் பாதி வெற்றி தோல்வி.

தகவல் தொழில்நுட்பப் பிரிவு என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். பெயரிலேயே பொருத்தம் இருக்கிறதே! அங்கே போனால் மூன்றாம் வாரம் அமைச்சரின் தனிச் செயலருக்கு மின்னஞ்சல் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுவார்கள், போய்த்தான் ஆக வேண்டும். அந்தப் பிரிவைப் பழுது பார்ப்பவர்களாகவே மற்ற இயக்குநர்கள் பழகிவிட்டார்கள். காசநோய்த் திட்டத்தின் தலைவரிடம், உங்கள் செயலியை நிறுத்துங்கள் என்று பிரிண்டர் சரிசெய்பவர் சொன்னால் எடுபடாது.

புள்ளிவிவரப் பிரிவு இதைவிட மேல். அவர்களுக்கு ஏற்கெனவே மாவட்டம் வரை ஆட்கள் உண்டு, மாதாமாதம் அறிக்கை வாங்கும் பழக்கமும் உண்டு. டி.எச்.ஐ.எஸ் 2 என்ற இலவச அறிக்கை மென்பொருள் பல நாடுகளில் வேரூன்றியது இந்த வழியாகத்தான். 1990களின் நடுவில், நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் மாவட்டச் சுகாதாரத் தகவலுக்காகத் தொடங்கிய முயற்சி அது. இன்று ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதை முன்னெடுக்கிறது. கென்யா 2011இல் அதை நாடு முழுவதும் இணையவழியில் ஓட்டிக் காட்டியது. எத்தனை பிரசவம், எத்தனை மலேரியா, எத்தனை நிலையங்கள் அறிக்கை அனுப்பவில்லை என்ற கேள்விகளுக்கு அதைவிடச் சிக்கனமான விடை எனக்குத் தெரியாது.

ஆனால் புள்ளிவிவரக்காரர் கண்ணுக்கு நோயாளி ஒரு எண்ணிக்கை. போன மாதம் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணி இந்த மாதம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டுமானால், அவர் கூட்டுத்தொகைக்குள் கரையாமல் ஒரு ஆளாகவே பதிவில் இருக்க வேண்டும். அங்கே மருந்துச்சீட்டு, ஆய்வக முடிவு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் வந்துவிடும். அது மருத்துவமனைகளின் உலகம். புள்ளிவிவரப் பிரிவின் சுற்றறிக்கையைப் பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பாளர் எழுத்தரிடம் தள்ளிவிடுவார்.

எனக்குச் சரியாகப் பட்டது திட்டமிடல், நிதி ஒதுக்கீட்டுப் பிரிவு. அல்லது நேரடியாகத் துறைச் செயலரின் கீழ். காரணம் எளிது: அடுத்த ஆண்டுக்கான பணம் கேட்டு எல்லாப் பிரிவுகளும் வருவது அங்கேதான். புதிய மென்பொருளுக்குப் பணம் கேட்டு வரும் கோப்பில், பொதுக் குறியீட்டைப் பயன்படுத்துகிறதா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் போதும், தனியாகக் காவல் வேலை பார்க்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பதன் பெருங்குறை ஆட்கள். அரசுச் சம்பள விகிதத்தில் நல்ல சர்வர் நிர்வாகி ஒருவர் கிடைத்தாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் நிற்பதில்லை. இடமாற்றம் இன்னொரு தொல்லை. எல்லாவற்றையும் புரிந்துகொண்ட இயக்குநர் கால்நடைத் துறைக்குப் போய்விடுவார், அவர் இடத்துக்கு வருபவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தனி முகமை

அந்தக் குறைக்கு மருந்தாகத்தான் தனி முகமை யோசனை வருகிறது. சொந்தச் சம்பள விகிதம், சொந்தக் கொள்முதல் விதி, சட்டப்படியான பொறுப்பு. நோயாளித் தரவுக்கு யார் பொறுப்பு என்று நீதிமன்றம் கேட்டால் கைகாட்ட ஒரு நிறுவனம். காகிதத்தில் இதை அடிக்க ஆளில்லை.

ஆனால் தனிக் கட்டடமும் தனி நிதியும் கிடைத்த அமைப்புக்கு, தன் இருப்பை நியாயப்படுத்தப் பெரிதாக எதையாவது கட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் என்.எச்.எஸ் எனப்படும் அரசு மருத்துவச் சேவைக்காக 2002இல் தொடங்கிய தேசியத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து நான்கு பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2005இல் இதற்கென்றே ‘கனெக்டிங் ஃபார் ஹெல்த்’ என்ற முகமை வந்தது. மொத்தச் செலவு சுமார் 1,240 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2006இல் மதிப்பிட்டது. அந்த ஆண்டே ஒரு நிறுவனம் விலகியது, 2008இல் இன்னொன்றின் ஒப்பந்தம் முறிந்தது. 2011 செப்டம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அரசு அறிவித்தது, 2013 மார்ச்சோடு முகமையும் மூடப்பட்டது.

தோல்விக் கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள், எது பிழைத்தது என்பதைச் சொல்வதில்லை. ‘ஸ்பைன்’ என்ற மையத் தொடர்புக் கட்டமைப்பு பிழைத்தது. மின்வழி மருந்துச்சீட்டு பிழைத்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்துப் பார்க்கும் அமைப்பும் நின்றது. விழுந்தது, மருத்துவமனைகளுக்குள் நுழைந்து மருத்துவர் தினமும் எழுதும் பதிவேட்டையே மேலிருந்து மாற்றப் பார்த்த பகுதி. மருத்துவமனைகளுக்கு நடுவே ஓடும் பாதையை மையம் போடலாம். உள்ளே நடக்கும் வேலையை மையம் வடிவமைக்கப் போனால், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் மருத்துவரின் கருத்து கேட்கப்படும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

அதற்குப் பிறகும் அங்கே நாற்காலி நகர்ந்துகொண்டேதான் இருந்தது. பொறுப்பு வேறொரு தகவல் மையத்துக்குப் போனது, 2016இல் அதற்கு என்.எச்.எஸ் டிஜிட்டல் என்று பெயர் மாறியது, 2023 பிப்ரவரியில் என்.எச்.எஸ் இங்கிலாந்துக்குள்ளேயே கரைந்தது. எஸ்டோனியாவிலும் இப்படித்தான். 2005இல் அமைச்சகமும் பெரிய மருத்துவமனைகளும் குடும்ப மருத்துவர் சங்கமும் சேர்ந்து ஒரு மின்-சுகாதார அறக்கட்டளை அமைத்தார்கள். 2008இல் தேசிய அமைப்பு ஓடத் தொடங்கியது, 2010இல் மின்மருந்துச்சீட்டு வந்தது. வெற்றிதான். ஆனாலும் 2017இல் அந்த அறக்கட்டளையின் வேலை அமைச்சகத்தின் கீழுள்ள தகவல் மையத்துக்குப் போய்விட்டது. நாற்காலி எங்கேயும் நிரந்தரம் இல்லை என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் பல வீண் சண்டைகள் குறையும்.

எஸ்டோனியாவைப் பார்த்து அப்படியே செய்வோம் என்று கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அறக்கட்டளை பிறக்கும்போதே எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்றப் பாதை 2001 முதல் ஓடிக்கொண்டிருந்தது, மக்கள் கையில் மின்னணு அடையாள அட்டையும் இருந்தது. அவை இல்லாத இடத்தில் மேல்மாடியை மட்டும் கட்டப் பார்த்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் வேறு மாதிரி. 2012 ஜூலையில் குடிமக்களுக்கான மின்னணுச் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்தார்கள், விருப்பமுள்ளவர் சேரலாம் என்றார்கள். சேர்ந்தவர்கள் குறைவு. பிறகு, வேண்டாம் என்பவர் மட்டும் விலகலாம் என்று மாற்றினார்கள். 2019 ஜனவரி 31இல் விலகும் கெடு முடிந்தபோது சுமார் 90 விழுக்காட்டினருக்குப் பதிவேடு இருந்தது. எண்ணிக்கை வந்துவிட்டது. ஆனால் பதிவேடு இருப்பது வேறு, மருத்துவர் அதைத் திறந்து பார்ப்பது வேறு. முதலாவதை ஒரு முகமை ஆணையால் செய்யலாம், இரண்டாவதைச் செய்ய முடியாது.

கூட்டு உரிமை

முகமையிலேயே இன்னொரு ரகம் உண்டு. டென்மார்க்கில் 1994இல் தொடங்கிய மெட்காம் அந்த ரகம். அமைச்சகம், மண்டலங்கள், உள்ளாட்சிகள் மூன்றுக்கும் அது கூட்டுச் சொத்து. எந்த மருத்துவரும் எந்த மென்பொருளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்துச்சீட்டு, பரிந்துரைக் கடிதம், ஆய்வக முடிவு, டிஸ்சார்ஜ் கடிதம் ஆகியவை எந்த வடிவில் போக வேண்டும் என்பதை மெட்காம் எழுதும். மென்பொருள் அந்த வடிவத்துக்கு ஒத்துப்போகிறதா என்று சோதித்துச் சான்று தரும். சிறிய அலுவலகம், பெரிய சர்வர் எதுவும் தேவைப்படாத வேலை. 1968இலிருந்தே ஒவ்வொருவருக்கும் தனி எண் இருந்த நாடு என்பதையும் மறக்கக்கூடாது.

கனடா 2001இல் அமைத்த ‘கனடா ஹெல்த் இன்ஃபோவே’, மாகாணங்களின் சுகாதாரத் துறை உயரதிகாரிகளையே உறுப்பினராகக் கொண்டது. வேலை நடந்த அளவுக்குத்தான் பணம், கட்டம் கட்டமாக. கூட்டாட்சி நாடுகளுக்கு இந்த வழி ஒன்றே தாங்கும் என்பது என் முடிவு. சுகாதாரம் மாநிலத்தின் கையில் இருக்கும்போது மைய அமைச்சகத்தின் கோப்பு எண்ணுக்கு என் கதையில் வந்த மந்திரம் இருக்காது.

தரவு வடிவம் எது என்ற சண்டை முன்பு போல இல்லை. சுகாதாரத் தரவு எந்த வடிவில் பரிமாறப்பட வேண்டும் என்று விதி எழுதும் எச்.எல்.7 அமைப்பின் ஃபயர் என்ற தரநிலை பக்கம் எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். அதைத் தேர்ந்தெடுத்து விட்டு நகர்ந்துவிடலாம்.

ஒரு வரியை யார் அழிப்பது?

எந்த இடம் சரி என்று குழம்பும்போது நான் வைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்று உண்டு. மருத்துவ நிலையங்களின் முதன்மைப் பட்டியலில் ஒரு வரியை அழிக்க வேண்டும் என்றால், யார் கையெழுத்துப் போட வேண்டும்?

நாங்கள் பட்டியலை ஒன்றாக்க உட்கார்ந்தபோது மூன்று எக்செல் கோப்புகள் இருந்தன: புள்ளிவிவரப் பிரிவுடையது, தடுப்பூசித் திட்டத்துடையது, மருந்துக் கிடங்குடையது. ஒரே நிலையத்துக்கு மூன்று எழுத்துக்கூட்டு. தடுப்பூசிக்காரர்கள் மாதம் ஒருமுறை போய் ஊசி போடும் பள்ளிக்கூடத் திண்ணையையும் நிலையமாக எண்ணியிருந்தார்கள். அவர்கள் கோணத்தில் அது சரியும்கூட. இரண்டு பேர் மாவட்டம் மாவட்டமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு வரிக்கு வரி சரிபார்த்தார்கள். நான்கு மாதம் ஆனது.

அதில் ஒரு வரி. வெள்ளத்தில் இடிந்து, ஆற்றுக்கு அப்பால் மேட்டுநிலத்தில் புதிதாகக் கட்டிய ஒரு சுகாதார நிலையம். புதுக் கட்டடத்துக்குப் புது எண் கொடுத்துவிட்டார்கள், பழைய எண்ணை யாரும் மூடவில்லை. இல்லாத நிலையம் அறிக்கை அனுப்பாது. அதனால் அந்த மாவட்டத்தின் அறிக்கை விகிதம் டேஷ்போர்டில் ஒருநாளும் 100 ஆகாது, பச்சை வராது. மாதாந்திரக் கூட்டத்தில் அதற்காகத் திட்டு விழும். கொஞ்ச நாளில் மாவட்டத் தகவல் அலுவலர் ஒரு வழி கண்டுபிடித்தார்: இடிந்துபோன நிலையத்தின் பெயரில் அவரே உட்கார்ந்து, எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டு மாதாமாதம் அறிக்கை அனுப்பினார். மாவட்டம் பச்சையானது. இரண்டு ஆண்டுகளாக, ஒரு பிரசவமோ ஒரு காய்ச்சலோ இல்லாத ஒரு நிலையம் நாட்டின் கணக்கில் உயிரோடு இருந்தது.

அதை மூட முயன்றபோதுதான் வேடிக்கை. நிலையத்தைத் திறந்தது கட்டுமானப் பிரிவு, எண் கொடுத்தது புள்ளிவிவரப் பிரிவு, பணியிடங்களை வைத்திருந்தது பணியாளர் பிரிவு. மூவரும் நல்லவர்கள். மூவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். திட்ட அலுவலகத்தில் இருந்த நாங்கள் டேட்டாபேஸில் ஒரு நிமிடத்தில் அழித்திருக்கலாம், ஆனால் அழிக்க எங்களுக்கு உரிமையில்லை. கடைசியில் அந்தப் பழைய திட்டமிடல் இயக்குநரே ஒரு வரிக் குறிப்பு எழுதி மூடினார். அமைச்சகத்துக்குள், பணம் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் என்று நான் சொல்வதற்கு அந்தக் குறிப்பும் ஒரு காரணம்.

அப்படியானால் முடிவு

ஒற்றையாட்சி நாடு, நடுத்தர அளவு, வெளி நிதி ஓரளவு வருகிறது என்றால்: திட்டமிடல் பிரிவில் சிறிய அலுவலகம், துறைச் செயலர் தலைமையில் குழு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்றே பொருள்தான். நிலையங்களின் பட்டியல், நோயாளியை அடையாளம் காணும் முறை, புதிய மென்பொருளுக்கான அனுமதி. வெளி நிதியைச் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம், ஆனால் அந்தச் சம்பளத்தில் வருபவரும் அமைச்சகத்தின் மேசையில்தான் உட்கார வேண்டும். நோயாளித் தரவு எக்காரணம் கொண்டும் திட்டத்தின் சர்வரில் இருக்கக்கூடாது.

நாளொன்றுக்கு ஓடும் பரிமாற்றங்கள் பெருகி, இரவு இரண்டு மணிக்குச் சர்வர் விழுந்தால் மருந்துக் கடைகள் நிற்கும் நிலை வரும்போது, முகமைக்குப் போகலாம். அந்த நிலைக்கு முன்னால் முகமை வேண்டாம். போகும்போதும் டென்மார்க்கைப் போல, தரவு தருபவர்களையே பங்காளிகளாக்கிப் போக வேண்டும். அனுமதி தரும் அதிகாரத்தை மட்டும் அமைச்சகமே வைத்துக்கொள்ளட்டும். கட்டுபவரே அனுமதியும் கொடுத்தால் தன் கட்டடத்துக்கு எப்போதும் அனுமதி உண்டு. கூட்டாட்சி நாடு என்றால் இந்த முதல் கட்டத்தைத் தாண்டி, நேரே கூட்டு உரிமைக்குப் போவது நல்லது. பேச்சுவார்த்தைக்கு ஓராண்டு கூடுதலாக ஆகும், பரவாயில்லை.

வெளி நிதி அலுவலகம் தவிர வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு, போர் நடக்கும் நாடுகள் போல. அங்கே முதல் நாளே ஒப்படைப்புத் தேதியை எழுதிவிட வேண்டும், ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலோடு. சர்வரின் கடவுச்சொற்கள், மூலநிரல், பராமரிப்புக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்ற கணக்கு, அது வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் வரும் என்ற விவரம். டொமைன் பெயரையும், அதாவது அமைப்பின் இணைய முகவரியையும், மறக்க வேண்டாம். எங்கள் திட்டம் முடிந்து ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில், மாவட்டங்களிலிருந்து வரிசையாக அழைப்பு: லாகின் பக்கம் திறக்கவில்லை. சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டொமைன், வேலையை விட்டுப் போன ஒரு ஆலோசகரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி அவருக்கு மூன்று நினைவூட்டல் வந்திருக்கிறது. அவர் அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதையே விட்டிருந்தார்.